நின்ற நேரம்

செந்தில்,

நேற்று போனில் "ஏம்ப்பா, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டாய். சளி என்றேன். சளி இல்லை. போன புதன்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பிரஷ் கையை விட்டு நழுவியது. எடுக்கக் குனிந்தேன், வலது கை விரல் ஒன்றுகூட என் பேச்சைக் கேட்கவில்லை. நிமிர்ந்து கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு ஐம்பது. வாஷ்பேசின் விளிம்பை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறு ஐம்பத்தெட்டுக்குக் கை திரும்பி வந்தது. வந்ததும் நான் செய்த காரியம் என்ன தெரியுமா? பிரஷைக் கழுவி, விட்ட இடத்திலிருந்து பல் தேய்த்தேன். பிறகு உன் அம்மாவுக்குக் கஞ்சி காய்ச்சினேன். மூன்றாம் நாள்தான் டாக்டரிடம் போனேன். அவர் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார். அது வந்துவிட்டுப் போன சாதாரண மரமரப்பு இல்லையாம், அடுத்து வரப்போவதற்கு முன்னறிவிப்பாம், அந்த நிமிஷமே ஓடிவந்திருக்க வேண்டுமாம். பதினான்கு மாதமாகப் பக்கவாதத்தைக் கட்டிலில் படுக்க வைத்துக்கொண்டு பணிவிடை செய்கிறவன் நான். அப்படிப்பட்டவனே மூன்று நாள் சும்மா இருந்தேன். ஆகவே இந்தக் கடிதத்தில் புத்திமதி என்று ஏதாவது வந்தால், அதைச் சொல்கிறவன் அதைக் கடைப்பிடிக்காதவன் என்று தெரிந்துகொண்டே படி.

உனக்கு இதைப் போனில் சொல்லியிருக்கலாம். பலமுறை வாய் வரைக்கும் வந்தது. நீ "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பாய், நான் "ஆச்சு" என்பேன், அதோடு போய்விடும். எழுதினால் பாதியில் நிறுத்த முடியாது. எழுதுவதுதான் என் தொழிலும். முப்பத்தோரு வருஷம் சுரங்கத்தில் கன்வேயர் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். மெஷின் தோண்டுகிற நிலக்கரியை பெல்ட் சுமந்து மேலே கொண்டுவரும். பெல்ட் நின்றால் நான் லாக் புத்தகத்தில் நான்கு விஷயம் எழுத வேண்டும். நின்ற நேரம், ஓடிய நேரம், காரணம், எந்தப் பிரிவின் பேரில் தாமதம். நின்றதை யாருமே பார்க்கவில்லை என்றால், கடைசியாக ஓடியதைப் பார்த்த நேரத்தைத்தான் நின்ற நேரமாக எழுத வேண்டும். எழுதியதை அடிக்கக் கூடாது. இந்த இரண்டு விதியையும் நான் மீறியதே இல்லை. குவார்ட்டர்ஸில் இருந்தபோது உனக்கும் அந்தப் பைத்தியம் தொற்றியிருந்தது. கரண்ட் போனால் மற்ற பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடுவார்கள், நீ இருட்டில் நின்று "அப்பா, நின்ன நேரம் ஏழு பத்து" என்பாய். எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கும்.

அந்தப் பெருமையில் ஒரு ஓட்டை உண்டு. ஒருமுறை நான் பட்டன்களை வரிசை மாற்றிப் போட்டுவிட்டேன். ஒரு பெல்ட் நிற்க, பின்னாலிருந்த பெல்ட் ஓடிக்கொண்டேயிருக்க, சேரும் கரியுமாகக் கொட்டி அடைத்துக்கொண்டது. இருபது நிமிஷம். வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. காரணம் என்கிற இடத்தில் "மழை" என்று எழுதினேன். மழை வந்து மறுக்கவா போகிறது. அதை யாரும் கேட்கவில்லை, நானும் மறந்துபோனேன். ஏன் இப்போது சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

நம் இரண்டு பேருக்கும் பேச்சு நின்ற கதை உனக்குத் தெரியும், ஆனால் என் பக்கத்தை நான் சொன்னதில்லை. சுரங்கத்தில் உனக்கு அந்த கான்ட்ராக்ட் வேலையை வாங்க நான் எத்தனை பேர் வாசலில் போய் நின்றேன் என்று நீ அறிய மாட்டாய். யாரிடமும் எதுவும் கேட்காதவன் என்று பேர் வாங்கியவன், உனக்காகக் கேட்டேன். மூன்றே மாதத்தில் நீ "பெர்மனென்ட் ஆவறதுக்குள்ள எனக்குத் தல நரச்சிடும்ப்பா" என்று சொல்லிவிட்டு ஓசூருக்கு பஸ் ஏறிவிட்டாய். நீ சொன்னது சரிதான். இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு என் மூஞ்சியில் கரியைப் பூசிவிட்டதாகத்தான் நினைத்தேன். நெல்லிக்குப்பத்திலிருந்து உன் மாமா சமாதானம் பேச மூன்று தரம் வந்தார். மூன்றாவது தரம் நான் எழுந்து நின்று, "மச்சான், அவன் கொரலுகூட இந்த வூட்டுல கேக்கக் கூடாது" என்றேன். உன் அம்மா சமையலறையில் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். அவ்வளவுதான் அவள் பதில்.

ஆனால் உன் குரல் நம் வீட்டில் தினமும் கேட்டது. உன் பத்தேகால் மணி டீ நேரத்தில் நீ அவளுக்கு போன் செய்வாய் என்று முதல் மாதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் தெரியாத மாதிரி இருந்தேன். காலை எட்டு மணிக்கு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ரிட்டயர் ஆனவர்கள் நாலு பேர் கூடும் டீக்கடையில் போய் உட்கார்ந்து, படித்த பேப்பரையே மறுபடி படித்துக்கொண்டு, பதினோரு மணிக்குத்தான் வீடு திரும்புவேன். அவள் நிம்மதியாகப் பேசட்டும் என்றுதான் அப்படி. உன்னைக் கூப்பிட்டு "சௌக்கியமா" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். அதைச் செய்ய வக்கில்லாமல், மூன்று வருஷம் தினம் மூன்று மணி நேரம் வீட்டை விட்டு வெளியே போய் உட்கார்ந்தேன். அவளும் நான் போவது எதற்கென்று தெரிந்துதான் வைத்திருந்தாள் என்று நினைக்கிறேன். இப்போது கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை.

அவளுக்குப் பக்கவாதம் வந்த அன்றைக்கு புரட்டாசி சனிக்கிழமை, விரதம். டீக்கடைக்கு யாரும் வரவில்லை என்பதால் முன்னாலேயே திரும்பிவிட்டேன். கேட்டுக்கு வந்தபோது ஜன்னல் வழியாக அவள் குரல் கேட்டது. வாட்சைப் பார்த்தேன், பத்து இருபது. நீ ஏதோ சொல்லியிருக்க வேண்டும், அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம், "சரிடா, உங்கப்பா வர்ற நேரமாவுது, வெச்சிடறேன். வேளைக்கு சாப்புடு" என்றாள். தெளிவான பேச்சு. ஒரு எழுத்து பிசகவில்லை. நான் திருடனைப் போல வந்த வழியே திரும்பி நடந்தேன். எனக்குக் கேட்டது அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாதாம். பதினோரு மணிக்கு வழக்கப்படி வந்தேன்.

சமையலறைத் தரையில் அடுப்பு மேடையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "என்னா, மயக்கமா?" என்றேன். என்னைப் பார்த்தாள், ஏதோ குழறினாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, விரத மயக்கம் என்று நானே முடிவு கட்டினேன். சுரங்கத்தில் முதலுதவிப் போட்டியில் நான் மூன்று வருஷம் பரிசு வாங்கியவன். எலும்பு முறிந்தால் கட்டத் தெரியும், ஷாக் அடித்தவனுக்கு மூச்சு ஊதத் தெரியும். அந்தப் போட்டியில் ஜெயித்த எவர்சில்வர் சொம்பிலேயே சர்க்கரைத் தண்ணீர் கலக்கி அவள் வாயில் ஊற்றினேன். அது ஒரு பக்கமாக வழிந்தது, மீதி புரையேறியது. அப்படிப்பட்டவர்களுக்கு வாயில் ஒரு சொட்டு எதையும் ஊற்றக் கூடாது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். தூக்கிப் படுக்க வைத்து ஃபேனைப் போட்டுவிட்டு, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாற்பது நிமிஷம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் சுரைக்காய்க்குப் பரிசு வேறு கொடுத்திருந்தார்கள்.

பக்கத்து வீட்டு விஜயா தற்செயலாக வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "அண்ணே, அண்ணிக்கு வாயி ஒரு பக்கமா இழுத்துக்கினு கெடக்குது, நீங்க என்னா பாத்துக்கினு ஒக்காந்திருக்கீங்க? ரெண்டு கையையும் தூக்கச் சொல்லுங்க." இடது கை எழுந்தது. வலது கை படுக்கையிலேயே கிடந்தது. பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை செய்கிற விஜயாவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. "108க்கு போடட்டாண்ணே?" என்றாள். அது ஆக்சிடென்ட் கேசுக்கும் பிரசவத்துக்கும் என்றேன். சைரன் போட்டுக்கொண்டு தெருவுக்குள் வண்டி வருவதும் எனக்குப் பிடிக்கவில்லை. நம் கோபால் ஆட்டோவைக் கூப்பிட்டேன், சவாரியில் இருக்கிறேன், அரை மணியில் வருகிறேன் என்றான். சரி என்றேன். இத்தனை வருஷமாக நமக்கு ஓட்டுகிறவன், வேறு ஆட்டோ பிடித்தால் அவன் மனசு கஷ்டப்படுமாம்.

அந்த அரை மணியிலும் எனக்கு வேலை இருந்தது. அவள் நைட்டியில் இருந்தாள். "அப்படியே தூக்குங்கண்ணே" என்று விஜயா சொன்னாள். நாலு பேர் இருக்கிற இடத்துக்கு எப்படி என்று சொல்லி, விஜயாவை விட்டுப் புடவை கட்ட வைத்தேன். நிற்காத உடம்புக்குப் புடவை கட்டுவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் அழுதாள். நான், ரிட்டயர் ஆனவர்களுக்கு வைத்தியத்துக்கென்று கம்பெனி கொடுக்கிற மெடிக்கல் புத்தகத்தைத் தேடினேன். அது பீரோவில், பீரோ சாவி எங்கே என்று உன் அம்மாவுக்குத்தான் தெரியும். "சாவி எங்க, சாவி எங்க" என்று அவளையே கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் இடது கையை எங்கேயோ காட்டினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. கடைசியில் சாவி அரிசி டப்பாவில் இருந்தது. அந்தப் புத்தகத்தை அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. விஜயா இன்னொன்றும் சொன்னாள். "தம்பிக்கு ஒரு போன் போட்டுடுங்கண்ணே." "அப்புறம் பாத்துக்கலாம்மா" என்றேன். இதை நினைவில் வைத்துக்கொள்.

ஆட்டோவில் நேராக எங்கே போயிருக்க வேண்டும்? ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு. நான் போனது எனக்குப் பழக்கமான டாக்டரின் கிளினிக்குக்கு. அங்கே டோக்கன் பதினொன்று கொடுத்தார்கள். உள்ளே ஏழாம் நம்பர் இருந்தார். நான் உட்கார்ந்தேன், செந்தில். அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, முறை வரட்டும் என்று, டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுந்து ஒரு குரல் கொடுத்திருந்தால் அத்தனை பேரும் வழிவிட்டிருப்பார்கள். ஷிப்ட் பஸ்ஸுக்குக்கூட வரிசையில் நின்றே பழகியவன். டாக்டர் வேறு எதற்கோ வெளியே வந்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இவங்கள ஏன் இங்க ஒக்கார வெச்சிருக்கீங்க?" என்று அலறி, தன் காரிலேயே ஏற்றி அனுப்பினார். கடலூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரியில் போய் இறங்கியபோது ஒன்று ஐம்பது. உன் மாமா எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றார். விஜயா அவருக்குச் சொல்லியிருந்தாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். சின்ன வயசு டாக்டர், உன் வயசுதான் இருக்கும். வேகமாக வந்து என்னைக் கேட்டார். "கடைசியா இவங்க நல்லா இருந்தத எப்ப பாத்தீங்க? சரியான நேரம் வேணும்." பக்கத்தில் உன் மாமா. உன் குரல்கூட இந்த வீட்டில் கேட்கக் கூடாது என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னவன் நான். "எட்டு மணிங்க" என்றேன். "அதுக்கப்புறம் யாராவது பேசினாங்களா? போன்ல, நேர்ல, யாராவது?" என்று மறுபடி கேட்டார். "இல்லீங்க" என்றேன். பார்த்தது எட்டு மணிக்குத்தான், கேட்டதைத்தானே மறைத்தேன், இது பொய்யில் சேர்த்தியா என்று உள்ளுக்குள் ஒரு சமாதானம் வேறு. அவர் வாட்சைப் பார்த்தார். "ஆறு மணி நேரம் ஆயிடுச்சு. அடைப்புதான். கரைக்கிற ஊசி இருக்கு, ஆனா நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். தாண்டிப் போட்டா ரத்தம் கசிஞ்சி உயிருக்கே ஆபத்து" என்றார்.

பத்து இருபதிலிருந்து கணக்குப் போட்டால் மூன்று மணி நாற்பது நிமிஷம். அந்த இடத்திலேயே, நின்றபடியே எனக்குக் கணக்கு தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்தார். இப்போது மாற்றிச் சொன்னால், ஊசிக்காக நேரத்தைத் திருத்துகிறான் என்று நினைப்பார். உன் மாமா, "அப்ப தெரிஞ்சேதான் இத்தன நாளு வேஷம் போட்டீங்களா" என்பார். எழுதியதை அடிக்கக் கூடாது. இதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து என் வாயை மூடிவிட்டது. டாக்டர் வேறு நோயாளியிடம் போய்விட்டார். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்திருக்கலாம். அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஊசி போட்டிருந்தால் பேசியிருப்பாள் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது, எனக்குத் தெரியும். போடாமல் போனதற்கு நான் காரணம் என்பதற்கு மட்டும் சத்தியம் தேவையில்லை.

அடுத்து நான் செய்தது அதைவிடக் கேவலம். மாமா சொல்லி நீ வந்தாய். விஜயா சொன்னபோதே உனக்கு நான் போன் போட்டிருந்தால், அந்தப் பத்து இருபதை நீயே டாக்டருக்குச் சொல்லியிருப்பாய். ஐ.சி.யூ. வாசலில் மாமாவிடம், "காலைல நான் பேசினேன் மாமா. கொரலு ஒரு மாதிரி இருந்துச்சோன்னு இப்பத் தோணுது. டவர் சரியில்லன்னு வெச்சிட்டேன். நான் கவனிச்சிருக்கணும்" என்று சொல்லி சுவரில் தலையை முட்டிக்கொண்டாய். நான் மூன்றடி தள்ளி நின்றேன். குரல் நன்றாகத்தான் இருந்தது என்று அறிந்த ஒரே ஆள் நான். சொல்லவில்லை. சொன்னால் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாயே. மாமாவும் அத்தைமார்களும் உன் கதையை நம்பிவிட்டார்கள். "பையன் போன்லயே கேட்டானாம், பாவம் புரியல" என்று ஊரெல்லாம் பேச்சு. பதினான்கு மாதமாக நீ ஒவ்வொரு போனிலும் முதலில் குரலைத்தான் கவனிக்கிறாய். நேற்றுகூட அதைத்தான் கேட்டாய். அன்றைக்கு மழையின் பேரில் எழுதினேன். இந்தத் தடவை உன் பேரில் எழுதிவிட்டேன்.

உன் அம்மாவுக்கு இப்போது ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம். "ஆமா." பசிக்கிறதா, ஆமா. வலிக்கிறதா, ஆமா. வலிக்கவில்லையா, அதற்கும் ஆமா. முப்பத்தாறு வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் லேசில் ஆமா போடாதவள். டீக்கடைக்காரர்கள், "வூட்டுல சண்டையே இல்ல போல" என்று கேலி செய்தால் நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். சரியாகும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. பிசியோதெரபி பெண் நம்பிக்கையாகப் பேசுகிறாள், அது அவள் வேலை.

இப்போது என் கையும் ஒருமுறை நின்று ஓடியிருக்கிறது. அடுத்த தடவை நிற்கும்போது நான் விழுவது அவள் கண்ணெதிரில்தான் இருக்கும். அவளால் யாரையும் கூப்பிட முடியாது. விஜயா வந்து "எப்ப விழுந்தாரு?" என்று கேட்டால் ஆமா என்பாள். அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன், கேட்கத் தகுதி இல்லாமலே கேட்கிறேன். தினமும் அதே பத்தேகாலுக்கு போன் செய். நான் எடுத்து ஒரு வாக்கியம் முழுசாகப் பேசுவேன். பேசிய நேரத்தை நீ எழுதி வை. நான் எடுக்கவில்லை என்றாலோ, பேச்சு குழறினாலோ, என்னிடம் காரணம் கேட்டுக்கொண்டிருக்காதே, நான் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்வேன். 108க்குச் சொல், விஜயாவுக்குச் சொல். என் வேட்டி எப்படிக் கிடந்தாலும் அப்படியே தூக்கட்டும். டாக்டர் நேரம் கேட்டால் நீ சொல், உள்ளதை மட்டும் சொல். உனக்கு அவமானமான நேரமாக இருந்தாலும் சொல்.

எழுதியவரைக்கும் இன்று காலை அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஜன்னலுக்கு வெளியே நான் நின்ற இடம் வந்தபோது இடது கையால் போர்வை ஓரத்தை இறுக்கிப் பிடித்தாள். புரிந்ததா, கோபமா, தெரியவில்லை. "இத அவனுக்கு அனுப்பட்டுமா?" என்றேன். "ஆமா" என்றாள். "கிழிச்சிப் போட்டுடட்டுமா?" என்றேன். அதே முகம், அதே குரல். "ஆமா."

ஆகவே அவளைச் சாட்சிக்கு இழுக்க முடியாது. நானே முடிவு செய்து அனுப்புகிறேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வரியை அடித்து எழுதுகிறேன். நின்ற நேரம் எட்டு மணி இல்லை, செந்தில். பத்து இருபதுக்கு உன் அம்மா உன்னோடு பேசி நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். தாமதம், அப்பா பேரில்.